பிளாஸ்டிக் கூண்டு வாங்கிய வாரம்

கூண்டு வாங்கப் போன அன்று கடையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவள் தம்பி. கடைக்காரர். கட்டைப்பையில் ஒரு கோழி. அந்தக் கோழியின் இறக்கைக்கு அடியில் பேன். பேனை எண்ண முடியாது. அதோடு நிறுத்துகிறேன்.

கோழியைக் கொண்டுவந்தவள் என் மனைவி. எங்களிடம் இருந்ததிலேயே பெரிய பெட்டை அது. கூண்டு வாசலில் அது நுழைகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றாள். மந்தைவெளியில் பஸ் ஏறி அடையாறில் இறங்குவதற்குள் அது பைக்குள்ளேயே கழிந்துவிட்டது. பையின் அடி நனைந்து என் முழங்காலில் ஒட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். சீட்டு காலியாக இருந்தும் வேறு யாரும் வந்து உட்காரவில்லை.

நான் இஸ்திரி போடுகிறவன். மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கம் குடியிருக்கிறோம். வண்டி தெருவில் நிற்கும். இன்னும் கரிப்பெட்டிதான். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை, ஒரு மாமரம், துவைக்கிற கல், கக்கூஸ். மாடியில் வீட்டுக்கார மாமி. தனியாக இருக்கிறார். பிள்ளை வெளிநாட்டில்.

மாமி வீட்டில் என் மனைவி பல வருஷம் வேலை செய்தாள். கர்ப்பப்பையை எடுத்த பிறகு வாளி தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேலை நின்றது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தால் சாப்பிடுவாள். பேச மாட்டாள். அவள் தம்பி லோடு ஆட்டோ வைத்துக்கொண்டு கறிக்கடைகளுக்கு பிராய்லர் கோழி இறக்குகிறவன். ஒரு நாள் எங்கிருந்தோ நாட்டுக்கோழிக் குஞ்சுகளைக் கொண்டுவந்து அவள் மடியில் விட்டான். அன்றைக்கு அவள் மறுபடி பேசினாள். கோழியோடுதான் பேசினாள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

குஞ்சுகள் வளர்ந்து, சில செத்து, சில பெருகி, ஆறு பெட்டையும் ஒரு சேவலும் என்று நின்றது. மாமி வீட்டில் முட்டை என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் என் மனைவிக்காக விட்டார். ஒரே ஒரு பேச்சு சொன்னார்.

"என் கண்ணுலயும் படப்படாது. மூக்குலயும் படப்படாது. அப்புறம் உன் பாடு."

பழைய கூண்டு பெட்டி மரத்தில் நான் அடித்தது. அடிப் பலகை கிடையாது. மண் தரைமேல் நிற்கும். அதில்தான் பேன் வந்தது. பகலில் மரச் சந்தில் சாம்பல் மாதிரி ஒட்டியிருக்கும். இருட்டினால் வெளியே வந்து கோழி ரத்தத்தைக் குடித்துச் சிவந்துபோகும். முட்டை எடுக்கக் கையை விட்டால் முழங்கை வரை ஏறும். கடிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஊர்வதைப் பொறுக்க முடியாது. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் காதுக்குப் பின்னால் ஊர்கிற மாதிரியே இருக்கும். பாதி நேரம் நிஜமாகவே ஊர்ந்தது.

ஒரு நாள் மாமியின் காட்டன் புடவையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். மாமி அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறார். பிரதட்சணம் வரும்போது கழுத்தில் ஏதோ நடந்திருக்கிறது. எறும்பு என்று நினைத்து நசுக்கியிருக்கிறார். விரலில் ரத்தம். புடவையில் ரத்தம். கோயிலுக்குள்.

திரும்பி வந்ததும் மாடிக்கே போகவில்லை. நேராகப் பின்பக்கம் வந்தார். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"இது என்ன ரத்தம்னு கேக்கறேன். என் ரத்தமா, உன் கோழியோட ரத்தமா?"

என் மனைவிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். இந்தப் பூச்சியும் நாத்தமும் போகணும். இல்லேன்னா கோழி போகணும். சொல்லிட்டேன்."

அன்று ராத்திரி என் மனைவி சாப்பிடவில்லை. பழையபடி சுவரைப் பார்த்தாள். அதனால்தான் கூண்டு வாங்கக் கிளம்பினேன்.

மச்சான் முதலில் தன் வண்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கிரேட்டை இறக்கிக் காட்டினான். பிராய்லர் கோழியை அடைத்துக் கொண்டுபோகிற மஞ்சள் கிரேட். ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஓட்டையெல்லாம் காய்ந்த எச்சமும் இறகும் அடைத்திருந்தது. கறிக்கடைக் குழியின் வாடை.

"காசே வோணாம் மாமா. கழுவிட்டா புச்சு மாரி ஆய்டும்."

"டேய், அதுல போனது எதுனா திரும்பி வந்துகீதா?" என்றாள் என் மனைவி. "எட்த்துனு போடா அத."

அடையாறு கடை மீன் தொட்டி, கிளிக்கூண்டு, நாய்ச் சங்கிலி விற்கிற கடை. மச்சான் வண்டியோடு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இரண்டு தினுசு கூண்டு வைத்திருந்தார். ஒன்று பிளாஸ்டிக் சட்டம், நாலு பக்கமும் கம்பி வலை. மற்றது முழுக்க மூடின பெட்டி. தவிட்டு நிறம். மேலே ஓட்டு வீடு மாதிரி சிவப்புக் கூரை, அச்சில் வார்த்தது. பக்கத்தில் ஒரு குண்டு வெள்ளைக் கோழியின் படம் ஒட்டியிருந்தது. அந்தக் கோழி நம் ஊர்க் கோழி இல்லை. வேர்த்ததே இல்லாத கோழி.

"மூடுனத வாங்குங்கண்ணே. மரம்னா சந்து இருக்கும், பூச்சி குடியிருக்கும். இதுல சந்தே கிடையாது. எங்க போய் இருக்கும்? அடியில டிரே இருக்கு. உருவிக் கொட்டிட்டு ஒரு செம்பு தண்ணி ஊத்துனா சோலி முடிஞ்சுது."

"காத்து எங்கருந்து வருது?" என்று என் மனைவி கேட்டாள்.

"என்னக்கா இப்படிக் கேக்குதீங்க. பின்னால ஓட்டை இருக்குல்லா."

பின்னால் இருந்தது. விரல் நுழைகிற ஓட்டை, ஒரு வரிசை.

மச்சான் வலைக்கூண்டைத் தட்டிப் பார்த்தான். "இத எடு மாமா. காத்தோட்டமா கீது. அது பீரோ மாரி கீது. உள்ள வெச்சிப் பூட்டி சாவிய மாமிகிட்ட குட்த்துடு."

"வாய மூட்றா," என்றாள் என் மனைவி.

வலைக்கூண்டை நானும் பார்த்தேன். அதற்குள் கோழியும் எச்சமும் நாலு பக்கமும் தெரியும். மாடிப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும். கண்ணில் படக்கூடாது என்பது மாமியின் பேச்சு. எனக்கு அதுதான் மண்டையில் நின்றது. கோழிக்கு எது தோதுப்படும் என்று அந்தக் கடையில் நான் கடைசி வரைக்கும் யோசிக்கவில்லை. மாமியின் கண்ணுக்கு எது தோதுப்படும் என்றுதான் பார்த்தேன்.

பையிலிருந்து பெட்டையை எடுத்து மூடின பெட்டிக்குள் விட்டாள். அது நுழைந்தது. குனிந்து உட்கார்ந்தது. உடனே கழிந்தது.

"பாத்தீங்களா? வீடுன்னு புரிஞ்சுக்கிட்டு," என்றார் கடைக்காரர்.

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். எல்லாம் வழுக்கிக்கொண்டு டிரேயில் விழுந்தது. தரை பளபளவென்று ஆனது. அந்தப் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டோம். மச்சான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவனுடைய கிரேட்களுக்கு நடுவில் சிவப்புக் கூரை மட்டும் தெரிந்தது.

பழைய கூண்டை அன்றே கக்கூஸுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினேன். பேன் பொரிந்தது. கடுகு தாளிக்கிற சத்தம். என் மனைவி அன்று ரசம் வைத்திருந்தாள். வேண்டாம் என்றேன்.

கோழிகள் புதுக் கூண்டில் தாமாக ஏறவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்துத் தள்ளினோம். கால் வழுக்கி ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. சேவல் வாசலில் குறுக்கே நின்று என் கையைக் கொத்தியது. கதவை அடைத்ததும் உள்ளே நகம் பிளாஸ்டிக்கில் கீறுகிற சத்தம் விடியும் வரை கேட்டது. பல்லைக் கூசவைக்கிற சத்தம்.

அது கத்திரி வெயில் நாள். காலையில் கதவைத் திறந்தபோது முகத்தில் ஒரு ஆவி அடித்தது. கண் எரிந்தது. உள்சுவர் முழுக்க வேர்த்திருந்தது. அந்த வேர்வை எச்சத்தோடு கலந்து வழிந்தது. மரக்கூண்டில் எச்சம் மண்ணில் விழுந்து காய்ந்துபோகும். இங்கே காயவில்லை. கோழிகள் மிதித்து மிதித்துக் கூழாக்கி வைத்திருந்தன. வயிற்று இறகெல்லாம் சடை பிடித்திருந்தது. முட்டை ஒன்று கூழுக்குள் கிடந்தது. எடுத்துக் கழுவினேன். கழுவிய பிறகும் தின்ன மனசு வரவில்லை.

ஒரு செம்பு என்றார் அவர். நாங்கள் குடம் குடமாக ஊற்றினோம். மாநகராட்சித் தண்ணீர் வருகிற நேரத்தில் அடித்துப் பிடித்து நிரப்பிய குடம். டிரே உருவும்போது பாதி என் காலில்தான் கொட்டியது. டிரேக்கும் கூண்டின் தரைக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்ததை வாங்கும்போது பார்க்கவில்லை. அங்கே கரப்பான் வந்தது. கரப்பானுக்குப் பிறகு புழு. வெள்ளையாக, அரிசி மாதிரி. அந்த வாரம் சோற்றைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன்.

நாற்றம் முன்னைவிட மோசமானது. மூடின பெட்டி என்பதால் நாள் முழுக்கச் சேர்ந்து, கதவைத் திறக்கும்போது ஒரேயடியாக மேலே போகும். திறந்த உடனே மாடியில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும்.

வியாழக்கிழமை கதவுக் கீலைத் துடைத்தேன். துணியில் சிவப்பாக இழுத்தது. கீலுக்குள், திருகாணிக் குழிக்குள், கூரை பொருந்துகிற விளிம்புக்குள் எல்லாம் பேன். சந்தே இல்லாத கூண்டு. கோழிகளே உடம்பில் சுமந்து வந்து குடிவைத்துவிட்டன. துணியை அடுப்பில் போட்டேன். என் மனைவியிடம் சொல்லவில்லை. அவள் அதற்கு முன்பே பார்த்திருக்கிறாள். அவளும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் இஸ்திரிப் பெட்டியில் மிச்சமிருக்கிற கரிக் கங்கை என் மனைவி மண்சட்டியில் வாங்கிக்கொண்டு போவாள். சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டுவாள். அப்புறம் அதிலேயே வேப்பிலையைப் போட்டுக் கோழிக்கூண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவாள். புகை நிரம்பினால் பூச்சி கொஞ்சம் அடங்கும். கோழிகள் அந்த நேரம் வெளியே மேயும். மரக்கூண்டுக் காலம் முழுக்க அப்படித்தான் செய்தாள். சட்டி மண் தரையில் உட்கார்ந்திருக்கும். ஒன்றும் ஆனதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிட நிறையக் கங்கு கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போடுயா. இன்னைக்கு ஒண்ணு கூட இருக்கக் கூடாது."

போட்டேன். கையில் சட்டையும் பெட்டியும். அவள் உள்ளே போனாள். முதலில் சாம்பிராணி வாசம் வந்தது. அப்புறம் வேப்பிலை. அதற்குப் பிறகு வந்த நாற்றத்துக்கு என்னிடம் சொல் இல்லை. பிளாஸ்டிக்கும் எச்சமும் இறகும் புழுவும் ஒன்றாக எரிகிற நாற்றம். நாக்கில் வந்து படிந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினேன்.

சட்டி கூண்டின் தரையை உருக்கிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. டிரேயில் கங்கு கொட்டி, எச்சம் பொங்கிக் கொதித்துக்கொண்டிருந்தது. சிவப்புக் கூரை நடுவில் தொய்ந்து, நூல் நூலாகச் சொட்டியது. கறுப்புப் புகை மாமரத்துக்குள் நுழைந்து மாடிக்குப் போனது. என் மனைவி குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஊற்றக்கூடத் தோன்றவில்லை. வாங்கி நான் ஊற்றினேன். புஸ்ஸென்று இன்னொரு நாற்றம் கிளம்பியது.

மாமி இருமிக்கொண்டே இறங்கி வந்தார். மீட்டர் பெட்டி எரிகிறது என்று நினைத்துச் செருப்புக்கூடப் போடவில்லை.

"என்னடி பண்ணிண்டிருக்கே?"

"சாம்பிராணி போட்டேன் மாமி. வெள்ளிக்கெளம."

"கோழிக்கு சாம்பிராணியா?"

"பூச்சிக்கு மாமி."

மாமி அந்தப் பெட்டியைப் பார்த்தார். உருகின இடத்தில் கரப்பான்கள் பாதி உடம்போடு ஒட்டிக்கொண்டு கால் ஆட்டின. மாமி திரும்பிக்கொண்டார். குமட்டிவிட்டது. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார்.

"போறும்," என்றார். "நாளைக்குக் காலம்பற கூண்டும் இருக்கப்படாது, கோழியும் இருக்கப்படாது. உன் தம்பியை வரச்சொல்லு."

நான் மச்சானுக்குப் போன் செய்தேன். என் மனைவி உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் வண்டியிலிருந்த சாம்பல் முழுக்கக் கொண்டுவந்து அந்த அசிங்கத்தின்மேல் கொட்டினேன். மரத்தடி வரைக்கும் பரப்பினேன். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நாற்றம் நகக்கண்ணில் இருந்தது.

இருட்டும்போது கோழிகள் வந்தன. கூண்டைச் சுற்றி நடந்தன. கிட்டப் போகவில்லை. சாம்பலில் விழுந்து புரண்டு, இறக்கையால் வாரி வாரி மேலே போட்டுக்கொண்டன. அப்புறம் பெரிய பெட்டை துவைக்கிற கல்மேல் ஏறியது. அங்கிருந்து சுவர். சுவரிலிருந்து மாமரம். மற்றதெல்லாம் அதன் பின்னால் போயின. இலைக்குள் போனதும் தெரியவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு ராத்திரிதானே என்று விட்டுவிட்டேன்.

காலையில் மச்சான் அந்த மஞ்சள் கிரேட்டோடு வந்தான். மேலே பார்த்து வாயைத் திறந்து "பா, பா" என்று கூப்பிட்டான். ஒன்று மேலிருந்து கழிந்தது. உதட்டில் விழுந்தது. அவன் துப்பித் துப்பிக் கக்கூஸுக்குள் ஓடினான்.

அப்போது பால்கனிக் கதவு திறந்தது. மாமி காபி டம்ளரோடு வெளியே வந்தார். மாமரக் கிளை பால்கனிக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். ஏழும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாமிக்குக் கை எட்டுகிற தூரம். மாமி அப்படியே நின்றார்.

"ராத்திரி முழுக்க இங்கயா இருந்ததுகள்?"

"ஆமா மாமி," என்றேன்.

"ஜன்னலைத் தெறந்துண்டுதான் படுத்தேன். கீழேர்ந்து அந்தப் பிளாஸ்டிக் நாத்தம்தான் வந்தது. இதுகளோட நாத்தம் வரலையே."

என் மனைவி வாசலில் வந்து நின்றிருந்தாள். தலை கூடக் கட்டவில்லை.

"என்னைப் பாக்கறதுகள்," என்றார் மாமி. முகம் சுளித்தபடியே இருந்தது. டம்ளரை முந்தானையால் மூடினார். "நாலு மணிக்குக் கத்தினது யாரு? காதுக்குள்ள கத்தற மாதிரி கத்தித்தே. சேவல்தானே?"

"ஆமா மாமி."

"அது போகணும். இன்னிக்கே."

"மத்தது மாமி?" என் மனைவியின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஒரு பெட்டை வாலைத் தூக்கியது. மாமி கண்ணை மூடிக்கொண்டார். கீழே சாம்பலில் தொப்பென்று விழுந்தது.

"பூச்சி என் புடவையில இன்னொரு தரம் வந்தா, நீங்களும் சேந்து போகணும்."

உள்ளே போய்விட்டார்.

சேவல் மச்சானோடு கிரேட்டில் போனது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து கொடுத்தான். என் மனைவி தொடவில்லை. நான் சாப்பிட்டேன். கறி ரப்பர் மாதிரி இருந்தது. உப்பு கரித்தது.

உருகின கூண்டை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவர் மோந்து பார்த்துவிட்டு, "இத்த நீயே வெச்சிக்க நைனா," என்று போய்விட்டார். கக்கூஸுக்குப் பின்னால் கிடக்கிறது. மழை பெய்தால் இன்னும் நாறுகிறது. அந்தப் பக்கம் போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போகிறேன்.

தினமும் சாம்பலை மரத்தடியில் கொட்டுகிறேன். கோழிகள் அதில் புரள்கின்றன. பேன் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை. மாமியின் துணியை இப்போது வெயிலில் உதறி, இரண்டு பக்கமும் சுட்டு, மடித்த பிறகு மடிப்பையும் பிரித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். துணி வந்த வழியிலேயே திரும்ப வருமோ என்று சாயங்காலம் வரை மாடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்து வீட்டு மதில்மேல் ஒரு கடுவன் பூனை திரிகிறது. என் மனைவிக்கு அந்தப் பயம். இருட்டினதும் மரத்தடியில் போய் அண்ணாந்து நிற்பாள். கீழிருந்து இலைதான் தெரியும். முதல் சில நாள் ஏணி வைத்து என்னை ஏறி எண்ணச் சொன்னாள். தலையில், தோளில், எச்சம் வாங்காத இடமில்லை.

ஒரு நாள் பால்கனியில் விளக்கு எரிந்தது. மாமி துணி எடுத்துக்கொண்டிருந்தார். என் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மாமி, எல்லாம் கீதான்னு பாத்து சொல்றீங்களா?"

"இது வேறயா எனக்கு?" என்றார் மாமி.

தலைப்பை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டார். கம்பிக்கு மேல் கொஞ்சம் குனிந்து, முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டே, ஒற்றை விரலை நீட்டி எண்ணினார். ஒன்று இலைக்குப் பின்னால் இருந்தது போல. விரல் திரும்பிப் போய் மறுபடி வந்தது. என் மனைவி கீழே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஆறு."